குனிந்து பார்க்காதவர்கள்

பிரெபென் தோட்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டபோதுதான் ரிக்மோர் அதைக் கவனித்தாள். அது அவள் புருஷன் தோர்கிலுடைய பை. தோர்கிலைச் சற்று முன்புதான் குழியில் இறக்கியிருந்தார்கள். வேட்டைக் கொம்பு ஊதி முடிந்திருந்தது.

"அண்ணன் பைதான். உங்க வீட்டு வாசல்ல ஆணியில தொங்கிச்சு, எடுத்துட்டு வந்தேன்" என்றான் கொழுந்தன். "அவனோட தோட்டாவாலேயே ஒரு வேட்டுப் போட்டு வழியனுப்பறேன்."

"என்னைக் கேக்கலாம்ல?"

"உன்கிட்டயா?" பிரெபென் குரலை இறக்கவில்லை. பச்சைக் கோட்டுகளோடு பின்னால் நின்ற வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் கேட்டது. "அவன் துப்பாக்கியத் துடைக்கிற வேலை உன்னோடதுதானே, ரிக்மோர்? குழலுக்குள்ள துணி ஏதாவது மறந்து வச்சிட்டியா? பழைய துப்பாக்கி, வெடிச்சிடுச்சுன்னு போலீஸ்காரர் சொல்லிட்டுப் போயிட்டார். நான் அப்படிச் சொல்லமாட்டேன்."

வேட்டைக்காரர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். மகள் டாக்னி, "சித்தப்பா, இப்ப வேண்டாமே" என்றாள். ரிக்மோர் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

துப்பாக்கி வெடித்த அன்று காலை குளத்தங்கரையில், இதே ஆட்கள் முன்னால்தான், தோர்கில் அவள் கோட்டுப் பைக்குள் கைவிட்டான். அவளுடையது சின்னத் துப்பாக்கி. அதன் தோட்டாக்கள் ஒல்லியானவை, மஞ்சள் நிறம். அவனுடையவை தடித்த சிவப்பு. இரண்டே இரண்டு மஞ்சளை அவள் கையில் வைத்துவிட்டு, மிச்சத்தை அள்ளித் தன் பையில் சிவப்போடு சேர்த்துக் கொட்டினான்.

"ரெண்டு போதும் உனக்கு. வாத்தைத் தவறவிடறதுக்கு எத்தனை தோட்டா வேணும்?"

"தோர்கில், ரெண்டையும் ஒண்ணாப் போடாதே."

"வேட்டை லைசென்ஸ் பரீட்சையில மூணு தடவை ஃபெயிலானவ எனக்குப் பாடம் எடுக்கறா" என்று அவன் மற்றவர்களைப் பார்த்தான். "வாத்து வர்ற நேரம். இனிமே வாயத் திறக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள், பிரெபென் எல்லோரையும்விடச் சத்தமாக. சிரித்தது அவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். எதற்கென்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

அந்த வீட்டு ஆண்கள் குனிந்து பார்த்துத் தோட்டா போடுவதில்லை. கண் வானத்தில் இருக்கும், கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். அப்பன் காலத்திலிருந்து அவர்களுக்கு அது ஒரு கௌரவம். தோர்கில் அப்படித்தான் போட்டான். வாத்துகள் தலைக்குமேல் வந்ததும் விசையை இழுத்தான். 'டிக்' என்று மட்டும் கேட்டது.

பக்கத்தில் நின்ற ரிக்மோருக்கு அது என்ன சத்தம் என்று தெரிந்தது. தடித்த குழலில் ஒல்லித் தோட்டா விழுந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். துப்பாக்கியைத் திறந்தால் தோட்டா போடும் வாய் காலியாகத் தெரியும். குழல் வழியாக மறுபக்க வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அந்தப் பரீட்சையில் தேறுவதற்குள் நான்கு தடவை அவள் அதைப் படித்திருந்தாள்.

தோர்கில் திறந்தான், திட்டினான், பைக்குள் கைவிட்டான். ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. வாயைத் திறக்காதே என்றானே, அவள் திறக்கவில்லை. பிறகு நாணலுக்குள் மண்டியிட்டு அவன் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். இரத்தம் நிற்கவில்லை. பாதிக் குழல் பறந்து குளத்தில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த 'டிக்'தான்.

இப்போது பிரெபென் குழி ஓரத்தில் போய் நின்றான். அதே சிவப்புத் தோட்டா போடும் தன் துப்பாக்கியை மடக்கித் திறந்து, கறுப்புக் கையுறையோடு பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துச் செருகினான். கண் மேகத்தில் இருந்தது. விரல்களுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ தெரிந்தது ரிக்மோருக்கு மட்டும்தான்.

குழலை வானத்துக்கு உயர்த்தி விசையை இழுத்தான்.

டிக்.

பிரெபென் துப்பாக்கியைத் திறந்தான். "தோட்டாவே போடல போலிருக்கு. துக்கத்துல கை மறந்துபோச்சு" என்று மறுபடி பைக்குள் கைவிட்டான்.

"பிரெபென்" என்றாள் அவள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "என்ன? பயப்படாதே, இது நீ துடைச்ச துப்பாக்கி இல்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். குளத்தங்கரையில் கேட்ட அதே சிரிப்பு. பிரெபென் அவள் பதிலுக்காக நிற்கவில்லை. மேகத்தைப் பார்த்தபடி அடுத்த தோட்டாவைச் செருகினான்.

ரிக்மோர் வாயை மூடிக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்துத் தேவாலயத்தின் கற்சுவருக்கு அந்தப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"எங்கம்மா போறோம்? சித்தப்பா வேட்டுப் போடறதைப் பார்க்கவேண்டாமா?"

"இங்கிருந்தே கேக்கும்" என்று சொல்லி, டாக்னியின் கோட்டில் திறந்துகிடந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.