தொட்டில் வளையம்

ஹாலாஸ்யம் வாத்தியாரின் கையெழுத்தை மதுரையில் எந்த அச்சுக் கோப்பவனாலும் படிக்க முடியாது. அதனால் அவர் எழுதும் நாவலுக்கு நல்ல பிரதி எடுத்துக் கொடுப்பது மனைவி பாகீரதியின் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் முழுக்க அவளுக்கு அதே பாடு.

ஏழாம் அத்தியாயத்தில் அவளுடைய வீடே வந்துவிட்டது. பின்கட்டில் பூட்டிய அறை, உத்தரத்தில் தொட்டில் கட்டிய இரும்பு வளையம், எல்லாம் அப்படியே இருந்தன. குழந்தையைப் பறிகொடுத்த கதாநாயகி அந்த அறைப் பக்கமே போவதில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. பூட்டிய அறைதான் அவள் மனசு, அதுதான் சிம்பல் என்று சிநேகிதர் சிவசங்கரனிடம் வாத்தியார் விளக்கினார். ஊரார் மனசையெல்லாம் புட்டுப் புட்டு வைக்கிறவருக்கு, எதிரே காபி கொண்டுவந்து வைத்தவள் முகம் மட்டும் தெரியவில்லை.

பாகீரதி ஓர் எழுத்துப் பிசகாமல் பிரதி எடுத்தாள். மூன்று வருஷமாக, அவர் பள்ளிக்கூடம் போனதும் அந்தப் பூட்டைத் திறந்து, வளையத்துக்கு நேர் கீழே படுத்து, வயிறு வலிக்க அழுகிறவள் அவள். அவர் வருவதற்குள் முகம் கழுவிக் குங்குமம் இட்டுக்கொள்வாள். குழந்தை ஸ்யாமளா காய்ச்சலில் போனபோது அவர் சாப்பாடு இல்லாமல் கிடந்த கிடையை அவள் மறக்கவில்லை. தான் அழுதால் மனுஷர் மறுபடியும் இடிந்துபோவார் என்று பயந்தாள்.

அவள் பழங்காநத்தத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் கடைசி அத்தியாயம் முடிந்தது. கதாநாயகி கதவைத் திறக்கிறாள், துக்கம் தொலைகிறது. எழுதிய பூரிப்பில் வாத்தியார் தச்சன் பேயாண்டியை அழைத்து, பின்கட்டு அறையின் கதவையே கழற்றச் சொன்னார். வளையத்தைப் பிடுங்கி, சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று.

திரும்பி வந்தவளைக் கையோடு அழைத்துப்போய்க் காட்டினார். கதையில் வருகிற மாதிரியே செய்துவிட்டேன், இனி நீ வெளிச்சமாக உட்கார்ந்து எழுதலாம் என்றார்.

பாகீரதி உத்தரத்தைப் பார்த்தாள். வளையம் இருந்த துளையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தார்கள்.

"கதையிலே அவளுக்கு விடிஞ்சுடுத்து, சரி" என்றாள். "நான் இனிமே எங்கே போய் அழறது, சொல்லுங்கோ."

மறுநாள் அந்த அறையில் உட்கார்ந்தே கடைசி அத்தியாயத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

பிரதி அச்சாபீஸிலிருந்து திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் மை கரைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஹாலாஸ்யம் பிரித்துப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவள் அழுததை அவர் பார்த்தது அந்தக் காகிதத்தில்தான்.