கியிம்பாவின் டான்சில்

கம்பாலாவில் ஒரு திசு ஆய்வகத்தில் நிறமேற்றும் வேலை கியிம்பாவுடையது. நாலு வருஷத்துக்கு முன் அறுத்தெடுத்த அவனுடைய டான்சிலை அங்கேயே மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். நோயாளியின் திசுமேல் ஆன்டிபாடி என்கிற சோதனைத் திரவத்தை விடும்போதெல்லாம், பக்கத்தில் ஒரு சீவல் டான்சில்மேலும் விட வேண்டும். டான்சிலில் பி செல் என்கிற எதிர்ப்பணுக்கள் மண்டிக் கிடக்கும். அவற்றை அந்த ஆன்டிபாடி பிடித்துப் பழுப்பாக்கினால்தான் நோயாளியின் ஸ்லைடை நம்பலாம். "இந்த ஊர்ல பாதிப் பேருக்கு என் தொண்டைதான் சாட்சி" என்று கியிம்பா பீற்றிக்கொள்ளாத நாளே இல்லை.

அன்றைக்கு அந்தச் சாட்சி காலை வாரியது. ஒரு பழுப்புப் பொட்டுகூட இல்லை.

"உன் தொண்டையில எதிர்ப்பு சக்தியே இல்லையாம்ப்பா" என்றார் டாக்டர் நந்தேஸா, மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி.

"ஆன்டிபாடி கெட்டுப்போச்சு டாக்டர்."

"எவ்வளவு மிச்சம்?"

"இன்னும் ஒரு தடவைக்கு வரும். அடுத்த குப்பி வர மூணு மாசம்."

வாசல் பெஞ்சில் தக்காளிக்காரி நலுபேகா மூன்று வாரமாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் கட்டி. அது பி செல்லில் வந்த புற்றா என்று தெரியாமல் மருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். மூன்று மாதமெல்லாம் அந்தக் கட்டி பொறுக்காது.

"குக்கர்ல விசில் வந்துச்சா?" என்றார் டாக்டர்.

குக்கரில் வேகவைத்தால்தான் பார்மலின் என்கிற பதப்படுத்தும் திரவத்தில் இறுகிய திசு ஆன்டிபாடிக்கு இடம் கொடுக்கும். குக்கர் அடுப்பில் இருந்தபோது கியிம்பா பக்கத்து அறையில் பந்தாட்டம் பற்றி வாய்கிழியப் பேசிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் மூடியைத் திருப்பிப் பார்த்தான். ரப்பர் கேஸ்கெட் இல்லை.

தேநீர் போடும் நகாயிமாவைக் கேட்டதற்கு, அவள் கொஞ்சமும் அசரவில்லை. "நான்தான் எடுத்துட்டுப் போனேன். என் குக்கருது கிழிஞ்சிருச்சு. மக நிச்சயத்துக்கு எண்பது பேரு. பீன்ஸ் வேகணுமா வேண்டாமா?"

"அக்கா, அதுல மனுஷத் திசுவை வேக வைக்கிறோம்."

"அதான் நல்லாக் கழுவினேனே. என் பீன்ஸ் பூவா வெந்துச்சு. உன்னுதுதான் வேகல" என்று பையிலிருந்து கேஸ்கெட்டை எடுத்து நீட்டினாள்.

இந்தமுறை கியிம்பா அடுப்பைவிட்டு நகரவில்லை. விசில் வந்தது. கடைசிச் சொட்டைப் பார்த்துப் பார்த்து விட்டான்.

பிற்பகலில் டாக்டர் டான்சிலைப் பார்த்தார். நல்ல பழுப்பு. பிறகு கட்டியைப் பார்த்தார். "இதுவும் பழுப்பு. ஒண்ணு விடாம. பி செல் லிம்போமாதான். என்ன அழகாப் பிடிச்சிருக்கு."

கியிம்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்திரண்டு பல்லும் தெரிய, டாக்டர் கையெழுத்திட்ட தாளோடு வெளியே பாய்ந்தான்.

அவன் முகத்தைப் பார்த்ததும் நலுபேகா எழுந்துவிட்டாள். "சிரிச்சுக்கிட்டு வர்றியே தம்பி. அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைதானே?"

வாயை எப்படி மூடுவதென்றே அவனுக்குத் தெரியவில்லை. அட பாவி, எதற்கடா சிரித்தாய் என்று நெஞ்சு சுட்டது.

"இருக்கும்மா" என்றான். "என்னன்னு தெரிஞ்சிருச்சு. அதுக்கு மருந்து இருக்கு. உடனே ஆரம்பிச்சிருவாங்க."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப, மருந்து இருக்குன்னுதான் சிரிச்சியா?"

"ஆமாம்மா" என்று பொய் சொல்லிவிட்டு, கியிம்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.