வாசலில் ஈரச் சப்பாத்து

காலையிலேயே பல்கனிக்குப் போன ஜெயகௌரி, ஆண்கள் சப்பாத்து ஒரு சோடியைப் பனிக்குள் அழுத்தி எடுத்தாள். உள்ளே கையை விட்டு, ஆள் நடப்பதுபோல இடதும் வலதுமாக மிதிக்க வைத்தாள். பிறகு வாசல் கதவைத் திறந்து, படிக்கட்டில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, கால்மிதியில் சற்றுக் கோணலாக வைத்தாள். நேராக வைத்தால் ஆம்பிளை கழற்றின மாதிரி இராது.

அந்த வீட்டில் ஆம்பிளையே இல்லை.

புருசன் குலேந்திரன் விவாகரத்து எடுத்துக்கொண்டு லா ஷோ-து-ஃபோன் என்ற ஊருக்குப் போய்விட்டான். அங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை, புது மனுசி, கைக்குழந்தை. ஓர்லிகோனில் உள்ள இந்த வீடு அவன் பெயரில் இருந்தது. விற்க மனமில்லாமல் அவளுக்கே வாடகைக்கு விட்டிருந்தான். முதுகு நோவில் அவளுடைய கன்டீன் வேலை பாதியான பிறகு, அந்த வாடகையை அரசாங்க உதவிப்பணம் கொடுக்கிற சோசியல்காரர்தான் கட்டினார்கள். வீட்டுக்காரன் முன்னாள் புருசன் என்பதை ஒளிக்காமல் சொல்லித்தான் வாங்கினாள்.

அலுவலகத்துக்கு உண்மை தெரியும். தமிழ்ச் சனத்துக்குத்தான் தெரியாது.

பெரியவளாகிவிட்ட மகள் கிருசிகாவுக்கு வருகிற கோடையில் சாமத்தியச் சடங்கு. அன்றைக்கு மட்டும் வந்து தகப்பனாகப் பக்கத்தில் நிற்பதற்குக் குலேந்திரன் சம்மதித்திருந்தான். அதுவரைக்கும் அவன் வீட்டோடுதான் இருக்கிறான் என்ற கதையை இழுத்துப் பிடித்தால் போதும். அதனால்தான் வாசலில் சப்பாத்து. அதனால்தான் கோவிலில் இன்னும் அவன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை. யாராவது வந்தால், "அவர் நைட் வேலை, படுத்திருக்கிறார்."

இன்றைக்கு வீடு பார்க்க வருகிறார்கள் என்று சோசியலில் இருந்து சொல்லியிருந்தார்கள். அறை எத்தனை, சுவரில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதானே. அவளுக்குப் பயம் அதுவல்ல. அவர்கள் பேசுகிற டொச்சை, ஜெர்மன் மொழியை, மொழிபெயர்க்க வருவது பத்மினியாம். வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் பூமாலை கட்டுகிற அதே பத்மினி. மாலையைவிடக் கதையை வேகமாகக் கட்டுவாள் என்று பெயர்.

ஜெயகௌரி குளியலறையில் ஒரு சவரக் கத்தியை வைத்தாள். கட்டிலோரம் ஒரு ஆண் சேர்ட்டைத் தொங்கவிட்டாள். அலுமாரிக்குள் கிடந்த கலியாணப் படம் மறுபடி சுவரேறியது.

மணி அடித்தது.

சோசியலில் இருந்து வந்த பெண், ஃபிறாவ் மோசர், நெடுநெடுவென்று இருந்தாள்; பின்னால் பத்மினி. மோசர் உடனே உள்ளே வரவில்லை. பூட்ஸைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பக்கத்தில் இருந்த சப்பாத்தின் விளிம்பில் பனி இன்னும் கரைந்துகொண்டிருந்தது. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பத்மினி கதிரையில் உட்கார்ந்ததும் சட்டம் சொன்னாள். "ஜெயகௌரி, நான் இப்ப பத்மினி இல்லை. நீங்கள் சொல்லுறதை 'நான், நான்' எண்டுதான் டொச்சில சொல்லுவன். நீங்கள் தும்மினாலும் சொல்லுவன். இங்க கதைக்கிறது வெளியில போகாது, கையெழுத்து வைச்சிருக்கிறன்."

ஜெயகௌரிக்குப் பூமாலைதான் ஞாபகம் வந்தது.

மோசர் கேட்டாள். பத்மினி தமிழாக்கினாள். "வாசலில இருக்கிற சப்பாத்து ஆரின்ர?"

"அவரின்ர." யோசிக்காமல் வந்துவிட்டது, வழக்கமான பதில்.

பத்மினி அரைக் கணம் அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மோசரின் புருவம் ஏறியது. எழுந்து குளியலறையை எட்டிப் பார்த்தாள். சேர்ட்டைப் பார்த்தாள். கலியாணப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"உங்கட முன்னாள் கணவர் இங்கதான் இருக்கிறார்," என்றாள் பத்மினி, மோசரின் குரலாக. "தன்ர வீட்டில தானே இருந்துகொண்டு, வாடகை எண்டு எங்களிட்ட எடுக்கிறார். பிரிஞ்சது பொய். வாடகையை நிப்பாட்டச் சொல்லி எழுதப்போறன். இவ்வளவு நாளும் எடுத்ததைத் திருப்பிக் கேப்பினம். பொலிசுக்கும் போகலாம்."

ஜெயகௌரிக்கு அப்போதுதான் உறைத்தது. வந்தது இரண்டு பேர். அவள் பிழையான ஆளுக்கு வீட்டைச் சோடித்துவிட்டாள்.

"பத்மினி அக்கா, ஒருக்கா வெளியில நிப்பியளோ? எனக்குத் தெரிஞ்ச டொச்சில நான் சொல்லுறன்."

பத்மினி அதையும் மொழிபெயர்த்தாள். மோசர் தலையை ஆட்டி மறுத்தாள்.

கன்டீனில் பொறுக்கிய டொச்சில் ஜெயகௌரி முயன்றாள். மனுசன் இல்லை, போய்விட்டார் என்றாள். மோசர் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அந்தக் கைக்குப் பதில் சொல்ல அவளிடம் டொச் இல்லை. தமிழ் இருந்தது. தமிழில் சொன்னால் முதலில் கேட்பவள் பத்மினி.

வாடகை நின்றால் வீடு போய்விடும். வீட்டுக் கடனை அவன் தனியாகக் கட்டமாட்டான், விற்பான். கிருசிகாவோடு எங்கே போவது?

எழுந்து போய் சப்பாத்தை எடுத்துவந்தாள்.

"இது அவரின்ர இல்லை," என்றாள், நிலத்தைப் பார்த்தபடி. "அவர் போகேக்க தன்ர ஒண்டையும் விட்டிட்டுப் போகேல்லை. பழைய சாமான் கடையில வாங்கினனான். அவருக்கு லா ஷோ-து-ஃபோனில வேற மனுசி. பிள்ளையும் இருக்கு. என்னை வேண்டாம் எண்டு போட்டார்."

பத்மினி சொல்லத் தொடங்கினாள். கணவர் என்னை வேண்டாம் என்று போய்விட்டார். நான் சப்பாத்து வாங்கினேன். நான், நான். கோவிலில் மாலை கட்டும் வாயிலிருந்து தன் மானம் போவதை ஜெயகௌரி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப எப்பிடி ஈரமானது?" மோசரின் கேள்வி பத்மினியின் வாயால் வந்தது.

ஜெயகௌரி பல்கனிக் கதவைத் திறந்தாள். கையைச் சப்பாத்துக்குள் விட்டு, அந்த இரண்டு பெண்களுக்கும் முன்னால் குந்தியிருந்து, பனியில் நடந்து காட்டினாள். இடது, வலது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

மோசர் சப்பாத்தை வாங்கி உள்ளே துழாவினாள். கடைக்காரர் நுனியில் கசக்கித் திணித்திருந்த பத்திரிகைத் தாள் வந்தது. காய்ந்து மொறமொறவென்று இருந்தது. மறுபடி குளியலறைக்குப் போனாள். சவரக் கத்தியின் பிளாஸ்டிக் மூடியே இன்னும் கழற்றப்படவில்லை. திரும்பி வந்தவள் ஜெயகௌரியின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

"வாடகை நிக்காது," என்று பத்மினி சொன்னாள். "ஆனா இதுகளை எடுத்துவிடுங்கோவாம். இனி இப்பிடி ஒண்டைக் கண்டா, தான் நம்பினதையும் விட்டிடுவாவாம்."

வாசலில் இருவரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெயகௌரி அந்தச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். கீழே உடுப்புத் தோய்க்கிற அறையிலிருந்து கூடையோடு படியேறி வந்தாள் மேல்வீட்டுப் பரமேஸ்வரி.

"என்ன பிள்ளை, மனுசன்ரை சப்பாத்தையும் துடைச்சுக் குடுக்கிறியோ? குடுத்து வைச்சவர். குலேந்திரன் நிக்கிறாரோ? காலமை ஈரமாக் கிடந்துது, வேலையால வந்திட்டார் எண்டு நினைச்சன்."

குலேந்திரன் என்ற பெயர் மோசரின் காதில் விழுந்தது. பூட்ஸை விட்டு நிமிர்ந்து பத்மினியைப் பார்த்தாள். பத்மினி தயங்கினாள். பிறகு கேள்வியை அப்படியே டொச்சில் சொன்னாள்.

"வேலைக்குப் போட்டார்." இரண்டே சொற்கள், நுனிநாக்கில் தயாராக நின்றன. சொன்னால் மறுகணமே டொச்சில் மோசரிடம் போய்ச் சேரும். உண்மையைப் பரமேஸ்வரி அக்காவுக்குச் சொன்னால் அந்தப் படிக்கட்டுக்கே சொன்ன மாதிரி. கோடை வரைக்கும் காக்க நினைத்ததெல்லாம் இந்த ஒரு வாசலில் போய்விடும்.

"இல்லை அக்கா," என்றாள். "அவர் இங்க இல்லை. எங்களை விட்டிட்டுப் போட்டார்."

பரமேஸ்வரி கூடையை இடுப்பு மாற்றினாள். பார்வை சப்பாத்துக்கு இறங்கியது.

"அப்ப இது ஆரின்ர?"

"தெரியாது அக்கா. பழைய சாமான் கடையில எடுத்தனான்."

பத்மினி குனிந்து பூட்ஸின் சிப்பை இழுத்தபடியே, ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தாள். படிக்கட்டுச் சுவரில் பட்டு மேல்மாடி வரைக்கும் போன அந்த டொச்சில் ஜெயகௌரி பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லைத்தான்: நான்.