மோந்து பார்க்கும் வேலை

என் வீட்டுக்காரர் பக்கிரிசாமிக்கு டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. இறைச்சியின் மேல் காமாக் கதிரைப் பாய்ச்சி, கிருமிகளைக் கொன்று, பல நாள் கெடாமல் வைக்கப் பார்ப்பார்கள். இது எண்பத்தாறில் நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த வாசு, அந்தக் கறியைத் தின்றால் உடம்பு மினுங்குமா என்று கேலி செய்வான். இவர் கோபப்படாமல் விளக்குவார். கதிர் கறியில் தங்காதாம், கொழுப்பைத்தான் கொஞ்சம் உடைக்குமாம். உடைந்த கொழுப்போடு காற்று சேர்ந்தால் காறல் வாடை வருமாம். காற்றை உறிஞ்சி, உறையவைத்துப் பாய்ச்சினால் அவ்வளவாக வராதாம். மனுஷனுக்கு அப்படி ஒரு பொறுமை. எனக்குத்தான் அது கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பொட்டலம் ஆட்டுக்கறியோடு வந்து நின்றார். இரண்டும் கதிர் பட்டவை. ஒன்று காற்றோடு கட்டியது, மற்றது காற்றில்லாமல் உறையவைத்தது. இந்தத் தடவை இரண்டுக்கும் வாடையில் வித்தியாசமே இல்லை என்று மறுநாள் அறிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறாராம். எந்தக் கறியையும் முதலில் மோந்து பார்த்துச் சரி சொல்வது அங்கே இவர்தான். உனக்கே தெரியாது பாரேன் என்று பெருமையாக நீட்டினார்.

காற்றோடு கட்டிய பொட்டலத்தைப் பிரித்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். கோழி இறகைத் தீயில் பொசுக்கிய மாதிரி வாடை. இவரோ அதன் மேல் குனிந்து மோந்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். நான் அடுப்படிக்குப் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்துவந்தேன். கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே பிடித்தேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, ஏலக்காய் என்றார்.

அப்புறம்தான் உண்மையை ஒத்துக்கொண்டார். சித்திரையில் வந்த காய்ச்சலோடு போன மோப்பம் திரும்பவே இல்லையாம். நாலு மாதமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் எட்டு வருஷ ஆராய்ச்சியைப் பிடுங்கிக்கொண்டு, ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்களே என்று பயம். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

"நீங்க கையெழுத்துப் போட்டா அதை நம்பித்தாங்க எல்லாம் நடக்கும். போய்ச் சொல்லிடுங்க."

அவர் பொட்டலங்களை மறுபடி கட்டிப் பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை சொல்லிவிட்டார். பயந்தபடியே ஆராய்ச்சி ரெங்கசாமி என்பவர் கைக்குப் போனது, இவருக்கு ஸ்டோர். சாயங்காலம் முகம் செத்து வந்தவருக்குச் சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ரசம் பிரமாதம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக என் சமையலைப் பற்றி வாயே திறக்காதவர், இந்த நாலு மாதமாகத்தான் தினமும் புகழ்ந்துகொண்டிருந்தார். நானும் கிள்ளானில் இருக்கும் அக்காவிடமெல்லாம் பீற்றியிருந்தேன். இன்னும் எதற்கு இந்தப் பொய் என்று கேட்டே விட்டேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"பொய் இல்ல சீதா. வாசனை தெரிஞ்சப்ப பேப்பர் படிச்சிக்கிட்டே தின்னுட்டுப் போயிருவேன். இப்பதான் ஒவ்வொரு வாயும் ஞாபகப்படுத்திச் சாப்பிடுறேன். ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு கரண்டி ஊற்றி, இன்றைக்கு மிளகைக் கொஞ்சம் தூக்கலாகவும் பூண்டை இரண்டு பல் கூடுதலாகவும் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.