இணையத் தெருவில் முதல் போணி

ஞானசௌந்தரி பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, இணையத்தில் எழுத்து வேலை தேடப் பதிவு செய்த மறுநாள் அவள் வீட்டு முன்னறை இணையத்துக்கு மாறிப்போனது. சமையலறை திண்டுக்கல்லிலேயே இருந்தது. நடுவில் ஒரு மிதியடி கிடந்தது.

முன்னறையின் சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு கடைத்தெரு ஓடியது. இருபுறமும் வேலை தேடுகிறவர்கள் தலைக்கு மேல் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலை தருகிறவர்கள் நடுவில் நடந்தார்கள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளிடம் நட்சத்திரம் இல்லை. வேலை செய்தால்தான் நட்சத்திரம் தருவார்கள். நட்சத்திரம் இருந்தால்தான் வேலை தருவார்கள். இதில் யாரும் குறை கண்டதாகத் தெரியவில்லை.

வேலை கிடைக்காதவர்கள் கீழிருந்து மேலாக மறைந்துபோவது அங்கே நடைமுறை. இடுப்பு மறைந்தால் கணக்கை மூடி ஆளைத் தெருவிலிருந்து எடுத்துவிடுவார்கள். சௌந்தரிக்கு முழங்கால் வரை காலியாகிவிட்டது.

“வலிக்குதா?” என்று சமையலறையிலிருந்து கேட்டார் அவள் கணவர் அய்யாக்கண்ணு. பாத்திரக்கடை நடத்துகிறவர்.

“வலிக்கலைங்க. கொசுதான் கடிக்குது.”

“இல்லாத கால்லயா?”

“அதுக்குத் தெரியல போல.”

பக்கத்துக் கடையில் பிரசன்னகுமார் என்ற பையன் இருந்தான். ‘உலகத்தர உள்ளடக்கச் சிற்பி, கனவுகளின் பொறியாளர்’ என்றது அவன் பலகை. தோளில் ஐந்து நட்சத்திரங்கள். கனம் தாங்காமல் குனிந்தே இருந்தான்.

“முதல் நட்சத்திரம் எப்படிக் கிடைச்சது தம்பி?”

“எங்க மாமா குடுத்தாருக்கா.”

“அவருக்கு என்ன எழுதிக் குடுத்தே?”

“அவருக்குப் படிக்கத் தெரியாதுக்கா.”

தொடையும் பாதி போன பிறகு, கோட்டுப் போட்ட ஒருவர் அவள் முன்னால் நின்றார். பளபளவென்று ஷூ போட்டிருந்தார்.

“எங்க கம்பெனிக்கு ‘எங்களைப் பற்றி’ன்னு ஒரு பக்கம் எழுதணும்.”

“கம்பெனி என்ன செய்யுதுங்க சார்?”

“அதை நீங்க எழுதுங்க. படிச்சுப் பாத்துட்டுச் செய்ய ஆரம்பிச்சுடுவோம். முன் அனுபவம் உண்டா?”

“இதுதாங்க முதல்.”

அவ்வளவுதான். அய்யாக்கண்ணு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதியடியைத் தாண்டி வந்துவிட்டார்.

“முதலா? நில்லுங்க. கையக் காட்டுங்க.”

“கையா? எதுக்கு?”

“போணிங்க. முதல் வியாபாரம். கைராசி இல்லாதவர் தொட்டுட்டா அப்புறம் கடைக்கு ஈ கூட வராது.”

“என்னங்க, இடுப்பு போகப்போகுது, இப்பப் போய்…” என்றாள் சௌந்தரி.

“நீ சும்மா இரு. சார், இதுக்கு முன்னால யாருக்காவது போணி பண்ணியிருக்கீங்களா?”

“இல்லை.”

“அனுபவமே இல்லாதவரை எப்படிங்க நம்புறது?”

தெரு நின்றுவிட்டது. கோட்டுக்காரர் முகம் சிவந்தது. இதுவரை யாரும் அவரிடம் அனுபவம் கேட்டதில்லை.

“யாராவது ஒருத்தர் முதல்ல வாய்ப்புக் குடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்?” என்றார் கோட்டுக்காரர்.

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. எதுக்கும் எழுதிக் குடுங்க, பாப்போம்.”

கோட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து தன் வலது கையைப் பற்றி விண்ணப்பம் எழுதினார். கை கடும் உழைப்பாளி. நெருக்கடியிலும் நடுங்காது. ஐந்து விரல்களும் குழுவாக இயங்கும் திறன் படைத்தவை.

அய்யாக்கண்ணு படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “கட்டைவிரல் கொஞ்சம் தனியாத்தான் நிக்குது. சொல்லி அனுப்புறோம்.”

சௌந்தரியின் சேலைக் கொசுவம் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இனி இடுப்புதான் பாக்கி. அவள் கணவரைத் தள்ளிவிட்டு ஒரே மூச்சில் எழுதிக் கோட்டுக்காரரிடம் நீட்டினாள். ‘நாங்கள் இருக்கிறோம். நெடுங்காலமாக இருக்கிறோம். உங்களுக்காகவே இருக்கிறோம்.’

அவர் நெடுநேரம் படித்தார். கண் கலங்கியது.

“இருக்கோமாம்மா?”

“இருக்கீங்க சார்.”

அவர் வலது கையால் ஒரு நட்சத்திரத்தை எடுத்து அவள் தோளில் வைத்தார். பிரசன்னகுமார் குனிந்தபடியே கை தட்டினான்.

கால்கள் வந்தன. முதலில் தொடை, பிறகு முழங்கால், கடைசியில் பாதம். சௌந்தரி சேலையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாள். கறுப்பு பேன்ட். பளபளவென்று ஷூ.

தெருக்கோடியில் கோட்டுக்காரர் இடுப்புக்கு மேல் மட்டுமாக, மிகுந்த திருப்தியோடு, மிதந்து போய்க்கொண்டிருந்தார்.

“என்னங்க, இது என் கால் இல்ல.”

அய்யாக்கண்ணு குனிந்து, ஷூவை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தார். நல்ல சரக்கு.

“வாய மூடு. போணியில குறை சொல்லக் கூடாது.”