ஆள் படுக்க இடம்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவன் செத்துப்போனால், செத்துப்போனான் என்று யாரும் போய்ச் சொல்வதில்லை. "ரொம்ப முடியல, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்பார்கள். கேட்கிறவர்களுக்கு அது போதும். அந்த வார்த்தை வாசலில் விழுந்ததுமே கொண்டையை அவிழ்த்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். சாவைச் சொன்ன பாவம் சொன்னவன் தலையில் ஏறாது. கேட்டவர்களுக்கும் விஷயம் தெரிந்தாயிற்று. நல்ல ஏற்பாடுதான், கேட்கிறவள் மூக்கம்மாளாக இல்லாதவரை.

அம்மாவாசி மார்க்கையன்கோட்டைக்கு வந்து, தன் மதினி மூக்கம்மாளின் வாசலில் நின்று அந்த வார்த்தையைத்தான் சொன்னான். அவனும் அவன் அண்ணன் ஒச்சாண்டியும் பெரியாற்றுத் தேக்கத்துக்கு அந்தப் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போனவர்கள். மலைக்காய்ச்சல் கண்டு அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். தம்பிதான் குழி வெட்டினான், தம்பிதான் மண் தள்ளினான். அந்தக் கையோடு மலையிறங்கி வந்து, "அண்ணனுக்கு ரொம்ப முடியல மதினி, ஒரு எட்டு வந்து பாத்துருங்க" என்றான். சொல்லிவிட்டு, அவள் அலறப்போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அலறலைக் காணோம். கண்ணைத் திறந்து பார்த்தால், மூக்கம்மாள் பரணிலிருந்து பாயை உருவிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சலா? கஞ்சியாச்சும் குடிக்கிறாகளா? அந்தக் காட்டுக்குள்ள கெடந்தா எப்பிடித் தேறும்? இங்கன கொண்டாந்துருவோம் அம்மாவாசி. நான் பாத்துக்கிறேன்."

பக்கத்து வீட்டு இருளம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடியவள், சுக்கும் திப்பிலியும் முடிந்து கொண்டுவந்து மூக்கம்மாள் கையில் கொடுத்தாள். சொல்லவில்லை. சின்னமனூர் மருந்துக்கடை ஏசுதாசனுக்கும் புரிந்தது. சப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததிலிருந்து மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை கண்ணில் படாத யுத்த காலம் அது. மாத்திரை இல்லாமல் நகர மாட்டேன் என்று மூக்கம்மாள் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அம்மாவாசியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். தன் வீட்டுக்கென்று ஒளித்து வைத்திருந்ததை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவரும் சொல்லவில்லை. ஊரே கூடி வாயை மூடிக்கொண்டது. தூக்கிச் சுமக்க மட்டும் அம்மாவாசி ஒருத்தன்.

வழியெல்லாம் சொல்லிவிடத்தான் பார்த்தான். கூடலூர் போகும் வண்டியில், அதட்டினால் நின்றுகொள்ளும் மாட்டைப் பார்த்து அவள், "இது உங்க அண்ணனேதான். வைஞ்சா நிக்கும், கொஞ்சுனா நடக்கும்" என்று சிரித்தாள். சிரிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? கூடலூரில் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள், சீக்காளி முன்னால் மூளியாகப் போய் நிற்கக் கூடாதாம். மலையேறும் முன் கட்டுச்சோற்றைப் பிரித்து அவனுக்கும் வைத்துத் தானும் வயிறாரத் தின்றாள். தின்கிறவளிடம் எப்படிச் சொல்வது? அவன் வாயைத் திறப்பான். அவள் இன்னொரு உருண்டையை உருட்டி அதில் வைப்பாள். அப்படியே தேக்கடிக் கரையும் வந்துவிட்டது.

வள்ளம் கரையோரம் கிடந்தது. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தது. அகலம் ஓர் ஆளுக்குச் சரியாக இருக்கும். வள்ளக்காரர் குமுளிப் பக்கத்து மலையாளத்து ஆள். அம்மாவாசியை அக்கரையிலிருந்து கொண்டுவந்து விட்டவரே அவர்தான். மூக்கம்மாளின் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். அவனைத் தனியே கூப்பிட்டு, "இன்னும் பறஞ்ஞில்லே? சொல்லலையா?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் வள்ளத்தைக் காட்டினார்.

"பாரத்தையெல்லாம் நடுவில, அடியில வையி. எல்லாத்தையும் குறுக்குக் கட்டையோட சேத்துக் கெட்டு. தண்ணிக்கடியில பட்ட மரம் நிக்குது. இடிச்சா மறிஞ்சுபோகும், சாமான் ஒண்ணும் திரும்பக் கிட்டாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடுப்போடு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

"நடுவுல வைக்காத," என்றாள் மூக்கம்மாள். "திரும்பி வாறப்ப நடுவுல அவுக படுக்கணும். இப்பவே எடம் பாத்துக் கட்டுனாத்தான் ஆச்சு."

தேறுகிற மட்டும் அங்கேயே தங்க நேர்ந்தால் வேண்டுமென்று அரிசி கொண்டுவந்திருந்தாள். அதை இரண்டாகப் பிரித்து முன்னால் பாதி, பின்னால் பாதி வைத்தாள். எண்ணெய்த் தகரத்தை அரிசிக்கு அண்டக் கொடுத்தாள். சாறு வைக்கக் கொண்டுவந்த கோழி கூடையோடு மேலே ஏறியது. கயிறு அம்மாவாசியின் கையில் இருந்தது. இந்தக் கட்டு முடியட்டும், சொல்லிவிடுவோம் என்று ஒரு முடிச்சுப் போட்டான். அடுத்த கட்டு முடியட்டும் என்று அடுத்ததைப் போட்டான். கட்டுகளெல்லாம் முடிந்தன.

நடுவில் பாயை விரித்து, கம்பளியைப் போட்டு, துணி மூட்டையைத் தலைமாட்டில் தட்டி வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். திருப்தி வரவில்லை.

"நீயும் அவுகளும் ஒரே உசரம்தான? நீ படுத்துப் பாரு."

"வேணாம் மதினி."

"சீக்காளிக்கு எடம் பத்தலேன்னா அப்ப யார் வந்து அழுகிறது? படுலே."

படுத்தான். அவள் கம்பளியை இழுத்து மார்வரை போர்த்தினாள். முகத்தில் வெயில் அடிக்குமா என்று உள்ளங்கையை விரித்து நிழல் பார்த்தாள். பிறகு கால்மாட்டுக்குப் போய் அவன் பாதங்களைப் பிடித்து நேராக்கினாள்.

"கால் இடிக்குதா?"

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. படுத்தபடியே குலுங்கினான்.

"இங்கன இடிக்கல மதினி. அங்கனதான் இடிச்சுச்சு. குழிக்குள்ள வேரு ஓடிக் கெடந்துச்சு, நீட்டி வெட்ட முடியல. அண்ணன் கால மடக்கித்தான் வச்சேன்."

அவள் பிடித்த பாதத்தை விடவில்லை. காற்றில் நீர் கரையைத் தட்டிக்கொண்டிருந்தது. பாதத்தைப் பிடித்தபடியே கேட்டாள்.

"எப்ப?"

"நான் ஒங்க வாசல்ல வந்து நிக்கிறப்பவே அண்ணன் இல்ல மதினி."

அப்புறம்தான் அவள் கத்தினாள். தலையில் இருந்த பூவை முடியோடு பிய்த்து எறிந்தாள். படுத்திருந்தவன் மார்மேல் இரண்டு கையாலும் அடித்தாள். வள்ளம் ஆடியது.

"சிரிச்சேனேடா! வண்டியில சிரிச்சேனே, பாத்துக்கிட்டுத்தான இருந்த? என் ராசாவ மண்ணுக்குள்ள வச்சுட்டு நான் வயிறாரத் தின்னேனே, பூ வச்சேனே! தின்னாதன்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு நாக்கு வரலையா?"

"எல்லாரும் அப்பிடித்தான மதினி சொல்லுவாக. புரிஞ்சுக்குவீகன்னு நெனச்சேன்."

"முடியலன்னு சொன்ன. முடியாதவுகளத் தேத்தத்தான் எனக்குத் தெரியும். செத்தவுகளுக்கு என்ன செய்யணும்னு யார்டா எனக்குச் சொன்னீக?"

அண்ணன் செத்தபோதுகூட இந்த அளவுக்கு அவனுக்கு வலிக்கவில்லை. வள்ளத்தை விட்டு இறங்கிச் சேற்றில் நின்றான்.

அழுது அழுது அவள் குரல் கம்மிப்போயிற்று. வள்ளக்காரர் இரண்டு கையிலும் நீரை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார். குடிக்கவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குழிக்கு மேல என்ன வச்ச?" என்று கேட்டாள்.

"முள்ளு வெட்டிப் போட்டேன். கல்லு கெடைக்கல மதினி. அங்கன பூராம் எல மக்குன மண்ணு."

"பன்னி திரியிற காடாச்சே."

எழுந்து போய்க் கரையில் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினாள். வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து பாயின் மேல் வைத்தாள். அடுத்ததற்குப் போனாள். அம்மாவாசியும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான், அவள் தடுக்கவில்லை.

"போதும் சேச்சி, வள்ளம் தாழும்" என்றார் வள்ளக்காரர்.

அவள் அரிசிக் கட்டை அவிழ்த்துக் கரையில் இறக்கினாள். அதன் பாரத்துக்கு இன்னும் இரண்டு கல் ஏற்றினாள். எண்ணெய்த் தகரம் இறங்கியது, ஒரு கல் ஏறியது. கோழிக் கூடையை வள்ளக்காரர் பக்கம் தள்ளினாள். மடியிலிருந்த கொய்னாப் பொட்டலத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "காய்ச்சக்காரவுக யாராச்சும் உசுரோட இருந்தா குடுங்க" என்று அவர் கையில் வைத்தாள்.

பாய் நிறையக் கல். தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை, ஆள் படுக்க விட்டிருந்த இடம் முழுக்கக் கல். உருளாதபடி ஒவ்வொன்றையும் ஒன்றோடொன்று பொருத்தினாள். கம்பளியைச் சுருட்டி இடுக்குகளில் திணித்தாள். கயிற்றைக் குறுக்கே போட்டு, குறுக்குக் கட்டையில் காலை உதைத்து இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்து, கல்லுக்குத் தலைமாட்டில் போய் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

அம்மாவாசி இன்னும் சேற்றில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"ஏறு," என்றாள், அவனைப் பார்க்காமல். "இனி ஒன்கிட்ட எனக்கு ஒரு பேச்சும் கெடையாது. அவுக எங்கன கெடக்காகன்னு மட்டும் காட்டு."