கிழங்குச் சூடு

அவித்த உருளைக்கிழங்குகளைத் தோலோடு துணியில் கொட்டி, புஷ்பமலர் கைமுட்டியால் நசுக்கினாள். ஆறுவதற்குள் ஓட்டமும் நடையுமாக வந்து, படுத்திருந்த கணவர் நாகமுத்துவின் நெஞ்சில் அந்த ஒற்றடத்தை வைத்தாள்.

"உப்புப் போட்டனீரோ?" என்றார் அவர், கண் திறக்காமல்.

"ஒற்றடத்துக்கு ஏனப்பா உப்பு?"

"நான் அவிஞ்சு வரேக்கை சப்பெண்டு இருக்கக் கூடாது."

ஜெர்மனியில் லூனபுர்க் பக்கம் இருபது வருடமாகக் கிழங்கு போட்டவர். அந்த வீட்டில் கிழங்கு ஜன்னல் கண்ணாடி துடைத்தது, சேலைக்குக் கஞ்சியானது, நெஞ்சுச் சளிக்கு மருந்தானது, மிஞ்சினால் கறியும் ஆனது. ஒரு வருடம் கொட்டகையை விடப் பெரிய கிழங்கு விளைந்ததாம். அதைக் கிண்ட அனுமதி கேட்டுக் கொடுத்த அன்ட்ராக், அந்த விண்ணப்பம், இன்னும் கந்தோரில் பரிசீலனையில் இருக்கிறதாம். நேற்று வந்த டாக்டரிடமும் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, வாசலில் வைத்துப் புஷ்பமலரிடம், "ஒரு நாள்தான்" என்றார்.

பத்து மணிக்கு மகள் சாரங்கா ரயிலிலிருந்து போனில் அழைத்தாள். மியூனிக்கிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"பெரியப்பா செத்தநேரம் பிந்தி வந்து, அவரை ஐஸ் மாதிரித்தான் தொட்டனான் அம்மா. அப்பாவையும் அப்பிடித் தொட எனக்கு ஏலாது."

"சூடாத்தான் இருக்கிறார். நீ ஆறுதலா வா பிள்ளை."

பதினொன்றரைக்கு ஒற்றடம் மாற்றப் போனபோது நெஞ்சு சூடாக இருந்தது. மூச்சு இல்லை. புஷ்பமலர் காத்துப் பார்த்தாள். இதுவும் அவருடைய விளையாட்டாக இருக்கலாம். பிறகு நெற்றியைத் தொட்டாள். சூடு முழுவதும் கிழங்கினுடையது.

கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தாள். பிறகு நிலவறைக்கு இறங்கி, பெரிய கிழங்குகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். பெரியவைதான் ஆற நேரம் எடுக்கும்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் சுடும்" என்று சொல்லித்தான் புது ஒற்றடத்தை வைத்தாள். உள்ளங்கைகளிலும் கைக்கொரு முழுக்கிழங்கை வைத்து விரல்களை மூடினாள். ஆற ஆற மாற்றினாள்.

ஒன்றரைக்குப் படலைச் சத்தம் கேட்டது. கிழங்குகளைப் போர்வைக்குள் தள்ளினாள்.

சாரங்கா சப்பாத்தோடு ஓடிவந்து தகப்பனின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அவருடைய மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

"எப்பம்மா?"

"இப்பத்தான் பிள்ளை. நீ படலை திறக்கேக்கை."

புஷ்பமலருக்குக் கதை சொல்லிப் பழக்கமில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தகப்பனின் உள்ளங்கையில் கிழங்குத் தோல் ஒட்டியிருந்தது. சாரங்கா அதை மெல்ல உரித்தெடுத்தாள்.

குசினியில் அடுத்த சட்டி கொதித்தது. புஷ்பமலர் எழும்பப் போனாள்.

"நீங்கள் இருங்கோம்மா" என்று சொல்லிவிட்டுச் சாரங்கா போய் அடுப்பை அணைத்தாள்.